மூன்றடிக் கடல்

முக்க வேண்டும், தூக்க வேண்டும், ஊற்ற வேண்டும். அவ்வளவுதான் வேலை. மக்கை மீன் தொட்டிக்குள் முக்கி, ஒரு முழம் உயரத்துக்குத் தூக்கி, விழுகிற இடத்தில் நுரை பொங்குகிற மாதிரி ஊற்றினால் தண்ணீரில் காற்று கலக்கும், காற்று கலந்தால் மீன் மூச்சு விடும், மீன் மூச்சு விட்டால் எஸ்கலினும் மூச்சு விடலாம். காலையில் கரண்ட் போனதிலிருந்து அவள் இதைத்தான் செய்துகொண்டிருந்தாள், ஸ்டூலில் உட்கார்ந்து, நைட்டியின் வலது கையைத் தோள்வரை சுருட்டி ஊக்கு குத்திக்கொண்டு. பச்சை மக். குளியலறைப் பக்கமே போகாத மக், சோப்பு என்றால் என்னவென்றே தெரியாத மக், ஏனென்றால் ஒரு சொட்டு சோப்பு உள்ளே போனால் போதும், தொட்டியில் வளர்கிற பவளமெல்லாம் முகத்தைச் சுருக்கிக்கொண்டு ஒரு வாரத்துக்குத் திறக்காது, அவளுடைய மாமியார் உயிரோடு இருந்த காலத்தில் யாராவது கேட்காமல் டிவியை அணைத்துவிட்டால் எப்படி இருப்பாளோ அப்படி. வலது தோள் வலித்தால் இடது கை. இடது கைக்குத் தாளம் வராது, தாளம் தப்பினால் தண்ணீர் தரையில் விழும், தரையில் விழுந்த உப்புத் தண்ணீர் காய்ந்தால் வெள்ளைத் திட்டு படியும், அதைத் துடைக்கிற துணி காய்ந்தால் அப்பளம் மாதிரி விறைக்கும். முக்கு, தூக்கு, ஊற்று. இதில் வேடிக்கை என்னவென்றால் இன்றைக்குக் கரண்ட் போகும் என்று இந்தத் தூத்துக்குடியிலேயே முதலில் தெரிந்தவள் எஸ்கலின்தான். மின்சார ஆபீஸில் அறிவிப்பு டைப் அடிக்கிற வேலை அவளுடையது. மாதாந்திரப் பராமரிப்புப் பணி காரணமாகக் கீழ்க்கண்ட பகுதிகளில் என்று தொடங்கி வரிசையாகத் தெருப் பெயர்களை அடித்தாளே, அதில் தன் தெருப் பெயரையும் தன் பத்து விரலால்தான் அடித்தாள், எழுத்துப் பிழை இருக்கிறதா என்றுகூட ஒருமுறை பார்த்தாள், பிழை இல்லை, அனுப்பிவிட்டாள். அது தன் வீடு என்று மூளைக்கு எட்டவில்லை. ஆபீஸில் இருக்கும்போது அவளுக்கு வீடு கிடையாது. இன்று காலை மின்விசிறி மெதுவாகி நின்றபோது, அடப்பாவிகளா என்று வாய்விட்டுத் திட்டிவிட்டு, அப்புறம்தான் யாரைத் திட்டினோம் என்று உறைத்தது.

பேட்டரியில் ஓடுகிற காற்று மோட்டார் ஒன்று வீட்டில் இருக்கத்தான் செய்தது, இந்த மாதிரி நாளுக்கென்றே புருஷன் கஸ்பார் வாங்கி வைத்தது, ஆனால் அதிலிருந்த பேட்டரியை அவள் சுவர்க் கடிகாரத்துக்குப் போட்டிருந்தாள், கடிகாரத்திலிருந்து கழற்றி மறுபடி இதில் போட்டால் கர்ர்ர் என்று ஒரு சத்தம் வந்து ஒரே ஒரு குமிழ் மேலே வந்தது, ஏப்பம் மாதிரி, அதோடு சரி. இப்போது கடிகாரமும் நின்றுவிட்டது, மோட்டாரும் நின்றுவிட்டது. இன்வெர்ட்டர் வாங்கலாம் என்று அவள் சொன்னபோது மின்சார ஆபீஸ்காரி வீட்டுக்கு எதுக்கு இன்வெர்ட்டர், நீ ஒரு போன் போட்டா வந்துறாதா என்று கஸ்பார் கப்பலிலிருந்து சிரித்தான். போன் போட்டாள். லைன்மேன் பரமசிவம் அண்ணனுக்குத்தான் போட்டாள், அவர் கம்பத்தின் மேலே இருந்தபடியே எடுத்தார், காற்றுச் சத்தம் கேட்டது. எப்பண்ணே வரும் என்று கேட்டதற்கு, சொல்ல முடியாது மேடம், வேலை முடிஞ்சதும் வந்துரும், எதுக்கும் ஆபீஸ்ல கேட்டுக்கிடுங்க என்றார். ஆபீஸில் அந்த போனை எடுக்கிறவளே நான்தானே அண்ணே என்று சொல்ல வாயெடுத்தாள். சொல்லவில்லை. இத்தனை வருஷமாக அதே வாக்கியத்தை, அதே குரலில், எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பாள். பிள்ளைக்குப் பரீட்சைம்மா என்றவர்கள், ஐஸ் கம்பெனிக்காரர்கள், மூச்சுக் குழாய் மாட்டியிருக்கிற அப்பாவை வைத்துக்கொண்டு கூப்பிட்ட ஒரு பெண், அவளுக்கு மட்டும் அன்றைக்கு எஸ்கலின் தானே ஓடிப்போய் இன்ஜினியரிடம் சொன்னாள், அது ஒன்றுதான் கணக்கில் புண்ணியம். மற்றபடி சொல்ல முடியாது, முடிஞ்சதும் வந்துரும். இப்போது அந்த வாக்கியம் ஊரெல்லாம் சுற்றிவிட்டு அவள் காதுக்கே வந்து சேர்ந்திருக்கிறது. முக்கு, தூக்கு.

பெரிய கோமாளி மீன் தண்ணீரின் மேல் மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. அது மூச்சு முட்டுகிறதா, சாப்பாடு கேட்கிறதா? அதன் முகத்தில் எப்போதும் ஒரே பாவனைதான், ரேஷன் கடையில் பருப்பு இல்லை என்று கேட்டவளின் முகம். ஆரஞ்சு உடம்பு, மூன்று வெள்ளைப் பட்டை. பின்னாலேயே அதில் பாதிகூட இல்லாத சின்னது, உடம்பை வெடவெடவென்று நடுக்கிக்கொண்டு. கஸ்பார் வாங்கி வந்தபோது பெரியதற்குக் கேப்டன் என்று பெயர் வைத்தான், சின்னதற்குக் கேப்டனின் சம்சாரம் என்று பெயர் வைத்தான். பிறகு எஸ்கலின் ஒருநாள் படித்துத் தெரிந்துகொண்டாள், இந்த ஜாதியில் பெரியதுதான் பெண், சின்னது ஆண். எல்லாம் ஆணாகத்தான் பிறக்கிறதாம், கூட்டத்தில் பெரியதாக வளர்வது பெண்ணாகிவிடுகிறதாம், அந்தப் பெண் செத்துப்போனால் புருஷனே வளர்ந்து அவள் இடத்துக்கு வந்துவிடுகிறதாம். வெடவெட நடுக்கம் காய்ச்சல் இல்லை, பெண்டாட்டிக்குப் போடுகிற வணக்கம். இந்த விஷயத்தை அவள் கஸ்பாரிடம் சொல்லவேயில்லை. சொல்லாமல் வைத்திருப்பதில் ஒரு இனிப்பு இருந்தது, வாய்க்குள் ஒதுக்கி வைத்த கருப்பட்டித் துண்டு மாதிரி. தண்ணீர் வேறு சூடாகிக்கொண்டிருந்தது. மே மாதம், கதவு ஜன்னலெல்லாம் திறந்தும் காற்றில்லை. ஃப்ரீசரில் இருந்த ஐஸ் பாட்டில் ஒன்றை ஏற்கனவே மிதக்க விட்டிருந்தாள், அது உருகி வெறும் பாட்டிலாகிவிட்டது, அடுத்ததை எடுக்கப் போனால் அந்த நேரத்துக்கு யார் ஊற்றுவது? ஓடினாள். ஃப்ரீசரின் இடது பக்கம் மீனுக்குப் போடுகிற இறால் குஞ்சுக் கட்டிகள், வலது பக்கம் அவள் சாப்பிடுகிற சீலா மீன் துண்டுகள். நடுவில் ஐஸ் பாட்டில்கள், எல்லை மாதிரி. ஞாயிற்றுக்கிழமை சீலா வறுக்கும்போது சமையலறைக் கதவைச் சாத்திவிட்டுத்தான் வறுப்பாள். எண்ணெய்ப் புகை தண்ணீரில் படலமாகப் படியும் என்பது காரணம். அது மட்டும்தான் காரணமா என்று அவள் தன்னையே கேட்டுக்கொண்டதில்லை, கேட்டால் அப்புறம் சீலாவை விடவேண்டி வருமோ என்ற பயம்.

பாட்டில் தண்ணீரில் விழுந்து உருண்டது, கேப்டன் அதை ஒரு இடி இடித்துவிட்டுப் போனாள். முக்கு. இன்றைக்குச் சனிக்கிழமை, ஆபீஸ் லீவு. சனிக்கிழமை மத்தியானம் கூப்பிடுதேன், ஒரு விஷயம் சொல்லணும், மெசேஜ்ல சொல்ற விஷயமில்ல என்று கஸ்பார் போன வாரம் சொல்லியிருந்தான். அந்த ஒரு விஷயம் வாரம் முழுக்க அவளோடு ஆபீஸுக்கு வந்தது, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தது, ராத்திரி தலையணைக்குக் கீழே கிடந்து குத்தியது. இருபது வருஷக் கல்யாணத்தில் கஸ்பாருக்கு விஷயம் என்று ஒன்று இருந்ததே கிடையாது. சாப்பிட்டேன், தூங்குனேன், கடல் சரியில்ல, மீன் எப்படி இருக்கு, இவ்வளவுதான் அவன் பேச்சு. உடம்புக்கு ஏதாவதா? போன தடவை முகம் வீங்கின மாதிரி இருந்தது, ஆனால் கப்பல் கேமராவில் எல்லார் முகமும் வீங்கித்தான் தெரியும். வேலை போய்விட்டதா? போனால் போகட்டும், மகள் ரெனிட்டாவுக்கு இன்னும் இரண்டு வருஷப் படிப்புதான், கோயம்புத்தூர் ஹாஸ்டலில் சாப்பாடு சரியில்லை என்று அழுவதைத் தவிர அவளுக்குக் குறையில்லை. இல்லை, வேறு ஏதாவது. ஆபீஸில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிற ஜெயராணியின் சின்னம்மா மகள் புருஷன், அவனும் கப்பல்காரன், ஏதோ ஒரு துறைமுகத்தில் இன்னொரு குடும்பமே வைத்திருந்தானாம், இரண்டு வீட்டுக்கும் ஒரே கலரில் டீ கப் வாங்கி அனுப்பினானாம். கஸ்பாரும் போன தடவை டீ கப் கொண்டுவந்தான். நீலப் பூ போட்டது, ஆறு. ஏன் ஆறு? வீட்டில் இருப்பது மூன்று பேர். சரி, கப் என்றால் ஆறுதான் விற்பார்கள், ஒருவேளை பன்னிரண்டு வாங்கியிருந்தால்? மக் தொட்டியின் விளிம்பில் இடித்தது, தண்ணீர் முழுக்க மடியில் கொட்டியது. சீ, என்ன நினைப்பு இது. கஸ்பாருக்கு இன்னொரு வீடு இருந்தால் அந்த வீட்டிலும் ஒரு தொட்டி இருக்கும், அங்கேயும் ஒருத்தி உட்கார்ந்து ஊற்றிக்கொண்டிருப்பாள். அந்த முகம் தெரியாத பெண்மேல் எஸ்கலினுக்கு ஒரு நொடி பரிதாபமே வந்தது. ஆனால் இவை எல்லாவற்றையும்விடப் பெரிய பயம் ஒன்று அடியில் இருந்தது, அதைத் தொடாமலே சுற்றிச் சுற்றி வந்தாள்: அவன் ஒரு ஆறடித் தொட்டி வாங்கியிருக்கலாம்.

மூன்றடித் தொட்டி வந்த கதையும் இப்படி ஒரு லீவில்தான். ரெனிட்டாவை ஹாஸ்டலில் விட்டுவிட்டு வந்த வாரம், வீடு ஓவென்று கிடந்தபோது, உனக்குத் துணையா இருக்கும் என்று சொல்லி கஸ்பார் கண்ணாடியையும் குழாய்களையும் இறக்கினான். வருஷம் பூரா கடலில் கிடக்கிற மனுஷன் வீட்டுக்கு வரும்போது கடலையும் கையோடு கூட்டி வருவானா? வந்தான். கப்பலில் இன்ஜின் ரூம்காரன் இல்லையா, அவனுக்கு இது மீன் தொட்டி இல்லை, இன்ஜின் ரூம். மேலே கண்ணாடி, கீழே அலமாரிக்குள் இன்னொரு தொட்டி, தண்ணீர் மேலிருந்து கீழே இறங்கி, பஞ்சில் வடிந்து, மோட்டாரில் மறுபடி மேலே ஏறும். ஒவ்வொரு குழாய்க்கும் ஒரு திருகு. எல்லாவற்றுக்கும் நடுநாயகமாக ஸ்கிம்மர், சிங்கப்பூரில் வாங்கியது, தண்ணீரை நுரையாக அடித்து அழுக்கைத் தனியாகப் பிரித்து மேலே ஒரு குவளையில் தள்ளும். இதுதான் இந்தச் சிஸ்டத்துக்கு இதயம், இது நின்னா எல்லாம் நின்னுரும் என்று அவள் தோளைப் பிடித்துச் சொல்லிவிட்டுக் கப்பலேறினான். இதயம் ராத்திரி முழுக்கத் தொண்டைக்குள் தண்ணீர் விட்டுக் கொப்பளிக்கிற மாதிரி சத்தம் போட்டது. குவளையில் சேர்ந்த தவிட்டுநிறத் தண்ணீரின் நாற்றத்துக்குக் கீழ்வீட்டு எமல்டாக்கா சாக்கடை அடைத்துக்கொண்டது என்று ஆளைக் கூப்பிட்டாள். அதே எமல்டாக்காதான், உப்பு பொட்டலம் பார்சலில் வந்தபோது வாசலில் நின்று நெஞ்சில் கை வைத்தாள். உப்பா? தூத்துக்குடிக்கு உப்பு பார்சல்ல வருதா? பஸ்ஸில் ஏறி எந்தப் பக்கம் போனாலும் வழியெல்லாம் வெள்ளை வெள்ளையாகக் குவிந்து கிடக்கிற ஊரில்? எஸ்கலின் விளக்கினாள், அது வேறு உப்பு அக்கா, உப்பளத்து உப்பு சோற்றுக்கு, இதில் பவளம் வளர வேண்டிய சுண்ணாம்புச் சத்தெல்லாம் கடலில் இருக்கிற அளவுக்குச் சேர்த்திருக்கிறார்கள். அப்ப கடல் தண்ணியையே ஒரு குடம் எடுத்துக்கிட்டு வா என்றாள் எமல்டாக்கா. கரையோரத் தண்ணீரில் படகு டீசல் இருக்கும் அக்கா என்றாள். எமல்டாக்கா நம்பவில்லை, ஆனால் இந்தக் கதையை மாதா கோயிலில் பீடத்துக்கு முன்னால் முழங்காலிட்டிருந்தவர்கள் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தாள். அது முதல் எஸ்கலினுக்கு உப்பு பார்சல்காரி என்று பெயர்.

ஸ்கிம்மரை அவள் வேண்டுமென்று எடுக்கவில்லை. வினிகரில் ஊறப்போட்டுக் கழுவ எடுத்தாள், அந்த வாரம் ஆபீஸில் ஆடிட், திருப்பி மாட்ட மறந்துபோனாள். அந்த வாரம்தான் பல மாதத்துக்கு அப்புறம் நிம்மதியாகத் தூங்கினாள். நினைவு வந்து ஓடிப்போய்ப் பார்த்தால் தொட்டியில் ஒன்றும் சாகவில்லை. பவளம் விரிந்துதான் இருந்தது. சென்னையில் தொட்டியிலேயே வளர்த்து விற்கிறவரிடம் வாங்கின பொத்தான் பவளத்தோடு பச்சை நார்ப்பாசி கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது, தூக்கிப்போட மனசில்லாமல் அதைக் கீழ்த் தொட்டியில் விட்டு மேலே ஒரு பல்பைக் கட்டித் தொங்கவிட்டாள். அது அழுக்கைத் தின்று தின்று பாத்திரம் தேய்க்கிற நார் மாதிரி திரண்டு வளர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை ஒரு கை நார்ப்பாசியைப் பிடுங்கி எறிவாள், இரண்டு வாளி பழைய தண்ணீரை எடுத்துவிட்டு இரண்டு வாளி புதுசு கலந்து ஊற்றுவாள், கண்ணாடியைச் சுரண்டுவாள், ஆவியாய்ப் போன அளவுக்கு நல்ல தண்ணீர் மட்டும் விடுவாள், ஏனென்றால் தண்ணீர்தான் பறக்கும், உப்பு பறக்காது. அவ்வளவுதான். டெஸ்ட் குழாயில் மருந்து விட்டுப் பார்த்தால் சிவப்பு வெளிறி வந்தது, வெளிறினால் அழுக்கு குறைவு என்று அர்த்தம். இதயம் பழைய சேலையில் சுற்றப்பட்டுப் பரணில் கிறிஸ்துமஸ் குடில் பெட்டிக்குப் பக்கத்தில் போய்ச் சேர்ந்தது. கஸ்பாரிடம் சொல்லத்தான் இருந்தாள். அடுத்த தடவை அவன் கூப்பிட்டபோது, என்ன ஸ்கிம்மர் சத்தமே கேக்கல என்று எடுத்த எடுப்பில் கேட்டான். குரலில் அப்படி ஒரு பயம். எஸ்கலின் கையில் இளநீர் டம்ளர் இருந்தது, டம்ளரில் ஸ்ட்ரா இருந்தது. எப்படி நடந்தது என்று அவளுக்கே தெரியாது. ஊதினாள். போனை விட்டத்துப் பக்கம் திருப்பிவிட்டு, களகளகள. ஆ, நல்லா ஓடுது, பேஷ் என்றான் கஸ்பார், நடுக்கடலில், நிம்மதியாக. அதற்கப்புறம் அவன் கூப்பிடும்போதெல்லாம் டம்ளரும் ஸ்ட்ராவும் தயாராக இருந்தன. மூச்சு விடாமல் எவ்வளவு நேரம் ஊதலாம் என்பதில் அவளுக்குப் பயிற்சியே வந்துவிட்டது, திருப்பலியில் பாடகர் குழுவில் நீட்டிப் பாடுகிற இடங்களில் இப்போதெல்லாம் அவள்தான் கடைசிவரை நிற்கிறாள்.

முக்கு, தூக்கு, ஊற்று. போன் அடித்தது. இடது கைக்கு மக்கை மாற்றி, வலது கையை நைட்டியில் துடைத்து, போனை உப்பு வாளியின் மேல் சாய்த்து வைத்தாள். வாரம் முழுக்கச் சேர்த்து வைத்த பயமெல்லாம் வரிசையில் நின்று நான் முதலில் நான் முதலில் என்று தள்ளியது. திரையில் கஸ்பார், பின்னால் வெள்ளை அடித்த இரும்புச் சுவர். சட்டை பொத்தான் எல்லாம் போட்டிருந்தான். கல்யாணம் பேச வந்த அன்றைக்கு இப்படிப் போட்டிருந்தான், அதற்கப்புறம் இப்போதுதான்.

"என்ன, இருட்டா இருக்கு?"

"ஷட்டவுன். கரண்ட் இல்ல."

"நீ என்ன செய்யுத?"

"மீனுக்குக் காத்து ஊத்துதேன்."

அவன் தலையை ஆட்டினான். அடுத்து மீன் எப்படி இருக்கு என்று கேட்பான் என்று காத்திருந்தாள், கேட்கவில்லை. இரண்டு தடவை தொண்டையைச் செருமினான். அப்புறம் கீழே பார்த்துக்கொண்டு, மனப்பாடம் பண்ணி வந்தவன் மாதிரி சொன்னான். இந்த ஒப்பந்தத்தோடு கப்பலை விடுகிறான். நம்ம ஊரிலேயே மோட்டார் ரிப்பேர் பட்டறை ஒன்றில் வேலை பேசியிருக்கிறான், சம்பளம் குறைவுதான், ஆனால் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம். அடுத்த மாசம் இறங்கினால் இறங்கினதுதான். "இனிமே கப்பல் கெடையாது எஸ்கலின். வந்துருதேன்."

அவளுக்கு முதலில் தோன்றியது சந்தோஷம் இல்லை. ஐயோ தொட்டிக்குள் கையை விடுவாரே என்பதுதான் தோன்றியது. தோன்றிய வேகத்திலேயே வெட்கம் வந்தது, எப்படிப்பட்ட பொம்பளை நான், இருபது வருஷமாக இந்த ஒரு வார்த்தைக்கு மெழுகுவர்த்தி ஏற்றவில்லையா, ஏற்றினேன், முதல் பத்து வருஷம் வாரம் தவறாமல் ஏற்றினேன், அதற்குப் பிறகு மாதா பார்த்துக்கொள்வாள் என்று விட்டுவிட்டேன், இப்போது மாதா பார்த்துவிட்டாள், நான்தான் வேறு வேலையில் இருக்கிறேன். சாயங்காலம் வீட்டுக்கு வருவான். தினமுமா? ஞாயிற்றுக்கிழமையும் இருப்பானா? வாளிகளைக் கலக்கும்போது பக்கத்தில் நின்று இன்னும் கொஞ்சம் உப்பு என்பானா? நார்ப்பாசியைப் பார்த்ததும் என்ன சொல்வான், கரப்பான் பூச்சி பார்த்த முகத்தோடு அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு இதயத்தைத் திரும்ப மாட்டுவானா, ராத்திரி ராத்திரி மறுபடி அந்தக் கொப்பளிப்பு. கஸ்பார் அதற்குள் பேசிக்கொண்டே போனான், இனி அவள் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, அவ்வளவையும் அவன் பார்த்துக்கொள்வான், இத்தனை நாள் அவள் பட்ட பாடு போதும். "ஸ்கிம்மர் குவளையைக்கூட நானே கழுவிக்கிடுதேன்."

மக் நின்றது. ஐஸ் எடுக்க ஓடிய நேரம் தவிர காலையிலிருந்து இப்போதுதான் நின்றது.

"வாங்க," என்றாள் எஸ்கலின். "தொட்டியில மட்டும் கை வைக்க வேண்டாம்."

கஸ்பார் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. சிரிப்பு அவன் முகத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. ஸ்கிம்மரைக் கழற்றி ரொம்ப நாளாகிறது, பரணில் பத்திரமாக இருக்கிறது என்று ஒரே மூச்சில் சொன்னாள். அப்படியென்றால் நான் கேட்ட சத்தம் என்று இழுத்தான். எஸ்கலின் டம்ளரை எடுத்துக் காண்பித்து, ஒரு தடவை, சுருக்கமாக ஊதினாள்.

அவன் வாய் பாதி திறந்தபடி நின்றது. கண் இமைக்கவில்லை. ஏங்க என்று கூப்பிட்டாள். நெட் போய் படம் உறைந்துவிட்டதா, மனுஷனே உறைந்துவிட்டானா என்று கண்டுபிடிக்க வழியே இல்லை, பின்னால் இருந்த சுவரும் அசைகிற பொருள் இல்லை. இருபது வருஷம் ஒருத்தனோடு வாழ்ந்தும் அவன் கோபப்பட்டால் எப்படி இருப்பான் என்று தனக்குத் தெரியாது என்பதை அந்த நேரத்தில்தான் கவனித்தாள். வருகிற லீவில் கோபப்பட யாருக்கு நேரம் இருந்தது? இரண்டு மாசத்தில் ஒரு மாசம் விருந்து, ஒரு மாசம் பெட்டி கட்டுவது. அப்புறம் அவன் மூக்கைச் சொறிந்தான். மனுஷன்தான்.

"தண்ணி நல்லாருக்கா?"

போனைக் கையில் எடுத்துத் திருப்பினாள். ஜன்னல் வெளிச்சத்தில் பொத்தான் பவளங்கள் பச்சையும் ஊதாவுமாகத் திறந்திருந்தன, இவன் போனபோது விரல் நுனி அளவு இருந்த திட்டு இப்போது கல் முழுக்கப் பரவியிருந்தது. கீழே அலமாரிக் கதவைத் திறந்து நார்ப்பாசியையும் காட்டினாள், மறைக்க இனி என்ன இருக்கிறது. கேப்டன் பெண் என்பதையும் சொல்லிவிட்டாள். சின்னதுதான் புருஷன் என்றாள். அவன் திரைக்குக் கிட்டே குனிந்து பார்த்தான். அப்போது எங்கேயோ டொக் என்றது, தலைக்கு மேலே மின்விசிறி மெதுவாக அசைந்தது, மோட்டார்கள் ஒவ்வொன்றாக முனகி எழுந்தன, கேப்டனும் புருஷனும் நீரோட்டம் வருகிற பக்கம் திரும்பி நின்றுகொண்டன. பரமசிவம் அண்ணன் கம்பத்திலிருந்து இறங்கியிருப்பார். எஸ்கலின் மக்கைத் தரையில் வைத்தாள். தோள் கழன்று கையில் வந்துவிடும் போலிருந்தது.

"பின்ன நான் அங்க வந்து என்ன செய்ய?" என்றான் கஸ்பார்.

கிண்டல் இல்லை அது. திரையைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள். பொத்தான் எல்லாம் போட்ட சட்டைக்குள் ஒரு ஆள் பயந்துபோய் உட்கார்ந்திருந்தான். அப்படியென்றால் இந்த வாரம் முழுக்க இந்த ஒரு விஷயத்தை வைத்துக்கொண்டு அங்கே இவனும் தூங்கவில்லை. வருகிறேன் என்று சொன்னால் அவள் என்ன சொல்வாளோ என்று. எஸ்கலினுக்கு மூக்கு அடைத்தது, அதை மறைக்க, உப்புத் தண்ணீர் மூக்கில் ஏறிவிட்டது என்றாள். அவன் அதை நம்பினான், அல்லது நம்பினதாக வைத்துக்கொண்டான். பிறகு அவன் குரலைத் தாழ்த்தி, மேலதிகாரியிடம் லீவு கேட்கிறவன் மாதிரி கேட்டான்.

"பால்கனி சும்மாதான கெடக்கு?"

"துணி காயும்."

"துணி காஞ்ச பொறவு?"

எஸ்கலின் யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள், கொடிக் கம்பி எங்கே, துடைப்பம் எங்கே, ஒரு ஆள் நாற்காலி போட்டால் கதவு திறக்குமா என்றெல்லாம்.

"பாதி தாரேன்."

"எந்தப் பாதி?"

அந்த பால்கனி வீட்டு மூலையைச் சுற்றி வளைந்து போகிறது. ஒரு பக்கம் நின்றால் இரண்டு கட்டடத்துக்கு நடுவில் ஒரு சாண் அகலத்துக்குக் கடல் தெரியும், சாயங்காலம் காற்றும் அந்தப் பக்கம்தான். மறுபக்கம் வெறும் தெரு. எஸ்கலின் மனசுக்குள் இரண்டையும் ஒரு தடவை எடை போட்டுப் பார்த்துவிட்டு, இருக்கிறதில் நல்லதையே கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தாள்.

"கடல் தெரியுத பாதி," என்றாள்.

கஸ்பார் தலையை ஆட்டினான். "அது நீ வச்சுக்கோ. எனக்குக் கடல் பாத்தது போதும், தெருப் பக்கம் குடு."

தெருப் பக்கம் பார்க்க ஒன்றுமே இல்லையே, எதிரே ஒரு இஸ்திரி வண்டி நிற்கும், அந்த ஆள் நாள் முழுக்கத் துணி தேய்ப்பார், அவ்வளவுதான் என்று அவள் சொன்னாள்.

"அவர் பேரென்ன?" என்று கேட்டான் கஸ்பார்.